கை நனைக்காமல் கிளம்பியவர்

என் பேத்தியைப் பெண் பார்க்கச் செங்கத்திலிருந்து மலையேறி வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் சொல்தான் முடிவு. எதைக் கேட்டாலும் மீசையைத் தடவியபடி, "பாக்கலாம்" என்பார். சம்பந்தம் பேசி முடிக்காமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதென்று, சாமைச் சோறு ஆறக் கிடக்க, காரில் ஏறிவிட்டார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

"சகுனமே செரியில்லையே."

மூன்றாவதோடு பள்ளியை விட்ட எனக்கு அடங்காத வண்டி இந்த மலையில் இல்லை. லைட் பளிச்சென்று எரிந்தது, பேட்டரியில் குறையில்லை.

"சகுனம் இல்லீங்க, ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு."

என்னிடமும் அதே மாடல் கார் நின்றது. அதன் மோட்டாரைக் கழற்றி வந்து, அவர் வண்டிக்கடியில் படுத்தேன்.

"தாத்தா, பேட்டரி ஒயர கழட்டாம கை வெக்கிற? இன்னா அவசரம் உனக்கு?" பட்டுப்புடவையோடு ஓடிவந்து அதட்டிய பேத்தி, தானே ஒயரைக் கழற்றினாள்.

மோட்டாரை மாற்றியதும் வண்டி ஒரே திருப்பில் உறுமியது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"இலையப் போடச் சொல்லுங்க, சம்பந்தி."

என் கைவேலைக்குக் கிடைத்த சம்பந்தம் என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறேன். ஆனால் சாப்பிடும்போது அவர், "இன்னா அவசரம் உனக்கு" என்று தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஏனென்று இன்னும் விளங்கவில்லை.