ஸ்கேன் அறையில் மாப்பிள்ளையும் மச்சானும்

மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்கேன் எடுக்கப் படுப்பவர்களிடம் பதினெட்டு வருடமாக மைக்கில் "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, 'அசையாதீங்க அக்கா' என்றே ஆகிவிட்டாள். வேலையில் அவளை அசைக்க ஆளில்லை. வீட்டில்தான் பாடு.

மாடியில் குடியிருந்த அண்ணன் பேருந்து ஓட்டுநர். எல்லாவற்றையும் அடியோடு மாற்ற வேண்டும் என்கிற கட்சி. கீழே அவள் கணவர் ரொட்டிக் கடைக்காரர்; இருப்பதைக் கெடுக்காமல் விட்டாலே போதும் என்கிற கட்சி. போன தேர்தலில் முட்டிக்கொண்டு, "உங்க கூட்டத்துக்கே ஈவிரக்கம் கிடையாது" என்று மாறி மாறித் திட்டியதோடு சரி. ஏழு மாதமாகப் பேச்சில்லை. இரண்டு பேருக்கும் தூது போய் அவளுக்குக் கால் ஓய்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் மூளை ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் ஆள் தேடி வந்தார். அடுத்தவர் வலிப்படும் படத்தைக் காட்டினால் மூளை எப்படிப் பதறுகிறது, அடிபட்டவர் எதிர்க்கட்சி என்று தெரிந்தால் அந்தப் பதற்றம் குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய், யாருக்கு இரக்கம் இருக்கிறது என்று மெஷினே சொல்லிவிடும் என்று ஒரு போடு போட்டாள். பாதிப் பொய்தான். மறுநாளே இருவரும் ஆஜர்.

முதலில் அண்ணன் படுத்தார். ஊர் நெரிசலில் பேருந்தை நெளித்து ஓட்டுகிறவருக்கு, அந்தக் குழாய்க்குள் தலை போனதும் வேர்த்துக் கொட்டியது. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தி மணியடித்தார். அவள் வெளியே இழுத்து, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றாள். கட்சி மானம் போய்விடும் என்றார் அவர். மறுபடி உள்ளே; மறுபடி மணி.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்திருந்த கணவர் சட்டென்று எழுந்தார். கைக்கடிகாரம், பெல்ட், சட்டையில் குத்தியிருந்த கட்சிப் பேட்ஜ் எல்லாவற்றையும், மெஷின் காந்தம் இழுத்துவிடாதபடி, கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, அவள் தலையசைத்ததும் உள்ளே போய் அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரது?" என்றது குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல்.

"நான்தான் மச்சான். பக்கத்துலதான் நிக்கிறேன். நீங்க படத்தைப் பாருங்க."

பிடிக்குள் இருந்த கால்விரல்கள் நெளிந்தன.

"பிடிச்சதுதான் பிடிச்சீங்க, உள்ளங்காலை விடுங்க மாப்ள. கூசுது."

கணவர் குலுங்கிச் சிரிக்க, உள்ளே அண்ணனும் சிரிக்க, 'அசையாதீங்க' சொல்ல வேண்டியவள் மைக்கை அணைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்தாள்.

தலை ஆடியதில் அண்ணனின் படங்கள் வீண். அடுத்துப் படுத்த கணவருடையது மட்டும் பழுதில்லாமல் வந்தது. யாருக்கு இரக்கம் அதிகம் என்று இருவரும் டாக்டரம்மாவை மொய்த்தார்கள். ஒருவர் மூளையைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது, நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும், அப்போதும் கட்சிக்கு மார்க் போட முடியாது என்றார் அவர். இருவர் முகமும் ஒரே மாதிரி தொங்கிப்போனது.

வீட்டுக்கு நடக்கும்போது இருவரும் முன்னால் போனார்கள். பேருந்துக் கட்டணத்தை உயர்த்தியது சரியா தப்பா என்று குரல் ஏறிக்கொண்டே போனது. தெரு முனையில் ஒரு ஸ்கூட்டர் சீறி வந்தது. கணவர் அண்ணனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். வாதம் மட்டும் நிற்கவில்லை.