கிழக்குச் சரிவின் ஒன்பது குடிசைகள்

மலைச்சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கொடைக்கானல் மலையில், போளூருக்கு மேலே இருந்த அந்தச் சிற்றூரில் எந்த வரப்பு யாருடையது, எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போய் முடியும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அதனால்தான் 1974 சித்திரையில் மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் பரமானந்தம், அளவு நாடாவின் மறுமுனையை அவன் கையில் கொடுத்தார்.

ஒரு ஊர் எப்படிக் குடியிருக்கிறது என்பதை வைத்தே அதன் உறவுமுறை, சாதி, சச்சரவு எல்லாவற்றையும் கண்டுகொள்ளலாம் என்பது அவர் ஆராய்ச்சி. நடுவில் கோயில், சுற்றி வீடுகள், அப்பால் பூண்டுக் காடு, கடைசியில் சோலை என்று வட்டம் வட்டமாக வரைந்துகொண்டே போனார். கல்லூரி திறப்பதற்குள் முடிக்க வேண்டிய அவசரம் வேறு.

கிழக்குச் சரிவில் ஒன்பது குடிசைகளின் கல் அடுக்குகள் மட்டும் கூரையில்லாமல் நின்றன. அங்கே இருந்தவர்கள் கோடையில் மரப்பட்டை உரிக்கும் வேலைக்கு வேறு மலைக்குப் போவார்கள். போகும்போது கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அங்கே யாராவது குடியிருக்காங்களா?" என்றார் பேராசிரியர்.

"இப்ப யாரும் இல்லீங்க. ஆடி மழைக்கு வந்துருவாங்க."

"இன்னிக்கு என்ன இருக்கோ அதைத்தான் நான் வரைய முடியும், மலைச்சாமி."

அந்த இடத்தில் 'காலி நிலம்' என்று எழுதினார். என்ன எழுதினார் என்று மலைச்சாமி கேட்கவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வரப்புக்கு நடந்தான்.

இரண்டு வருடம் கழித்து, அச்சடித்த படம் தபாலில் வந்தது. மூலையில் அவன் பெயரும் இருப்பதாகத் தபால்காரர் வாசித்துச் சொன்னார். கொடைக்கானலில் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினான்.

1983இல், நெடுநாளாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா தருவதாக ஓர் அதிகாரி வந்தார். ஊரில் யாரிடமும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மலைச்சாமிதான் படத்தைக் கழற்றி எடுத்துப் போனான். அதிகாரிக்குப் பரம திருப்தி. ஒரு மாதத்தில் நாற்பத்தோரு வீட்டுக்குப் பட்டா வந்தது. படத்தில் இல்லாத ஒன்பது குடும்பமும் காலி செய்ய வேண்டும் என்று அதே வாரம் உத்தரவும் வந்தது.

அந்த ஒன்பதில் ஒருத்தி காளியாயி. புருசனைப் பறிகொடுத்தவள். முப்பது வருடமாக ஒவ்வொரு ஆடியிலும் அதே கல் அடுக்கின்மேல் கூரை போட்டவள். அவன் வாசலில் வந்து நின்றாள்.

"நீதான தம்பி நாடாவப் பிடிச்ச? எங்க அடுப்புக்கல்லு ஒனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சது அக்கா. சொல்லவும் செஞ்சேன்" என்றான்.

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்து மதுரைக்குப் போனான். பரமானந்தம் ஓய்வு பெற்றிருந்தார். மலைச்சாமி சொன்ன எல்லாவற்றையும் கேட்டார்.

"நான் வரைஞ்சது ஒரு சித்திரை மாசத்து ஊர். தேதியைக் கீழே போட்டிருக்கேன். அதை யாரும் பார்க்கல. ஆடியில ஒரு தடவை வந்து பார்த்திருக்கணும், வரல."

அதையே கடிதமாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதிகாரி வாசித்தார்.

"பேராசிரியர் இப்ப ஞாபகத்துல எழுதுறாரு. படம் அப்பவே அளந்து போட்டது. நான் எதை நம்ப?"

ஐப்பசி மழையில் ஒன்பது குடும்பமும் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கின. சரிவில் அடுத்த வருடமே வனத்துறைக்காரர்கள் மரக்கன்று நட்டார்கள்.

மலைச்சாமி பிறகு பூண்டு மூட்டையோடு லாரியில் ஒட்டன்சத்திரம் போனபோது, மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள் காளியாயி. அவன் ஒதுங்கிப் போகப் பார்த்தான். அவள் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான், திட்டியிருந்தால் தேவலை.

"இங்க ஒரே வெக்கை தம்பி. உடம்பு ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னாள். பிறகு குவியலை நோக்கித் திரும்பிக்கொண்டாள். லாரிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.