முழு டம்ளர்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் படுவது எடை மெஷினின் சிவப்பு எண்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய டயாலிசிஸ் மையத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நிற்பதோடுதான் என் நாள் தொடங்கும். எனக்கு அப்போது பதினோரு வயது. இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டதால், குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். போன தடவைக்குப் பிறகு எவ்வளவு குடித்தேன் என்பதை அந்த எண்கள் அறைக்கே சொல்லிவிடும். அப்படி ஏறும் எடையைப் பிள்ளைகள் நாங்கள் "ஏத்தம்" என்போம்.

அடுத்த கட்டிலில் பாபு. கள்ளிக்குப்பத்து ஆட்டோக்காரரின் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

"இன்னா மச்சான், எவ்ளோ ஏத்திகினு வந்தே?"

"ஒன்றரை கிலோ."

"ஊட்ல போர் போட்டு குடிச்சியா?"

ஆவடி குவார்ட்டர்ஸில் அம்மா எனக்குத் தந்தது ஐஸ்கட்டிதான். "கடிக்காதடா, சப்பிக்கிட்டே இரு" என்பாள். எனக்கு வேண்டியிருந்ததோ முழு டம்ளர் தண்ணீர்.

என் இதயம் வீங்கத் தொடங்கியதும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போதாது என்றார் டாக்டரம்மா. "ஆறு நாள் கூட்டிட்டு வாங்க. தண்ணியும் கொஞ்சம் தாராளமா குடிக்கலாம்." தொழிற்சாலையில் அப்பா இரவு ஷிஃப்டையே கேட்டு வாங்கிக்கொண்டார், விடிந்ததும் என்னை அழைத்துவந்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கினார். என் பள்ளிக்கூடம் நின்றது. பாபுவுக்கும் டாக்டரம்மா அதையே சொன்னார். "அப்பால வண்டிய யாரும்மா ஓட்டுவா?" என்றார் அவன் அப்பா. அவன் மூன்று நாளிலேயே இருந்தான்.

சில வாரங்களில் எனக்கு முழு டம்ளர் கிடைத்தது. அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, சில்வர் டம்ளரைத் தூக்கிக் குடித்தேன், பாதியிலேயே போதுமென்றாகிவிட்டது. மறுநாள் பாபு ஊசி குத்திய கையை அசைக்காமல் என் பக்கம் திரும்பிப் படுத்து, எப்படி இருந்தது என்று கேட்டான். சொன்னேன்.

"மீதிய கீழ ஊத்திட்டியா? வெச்சிருடா, வந்து குடிச்சிக்கிறேன்."

இப்போது என் உடம்பில் அப்பாவின் சிறுநீரகம் இருக்கிறது. அது கெடாமலிருக்க ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். மறந்துபோகிறேன் என்று போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அந்த மையம் இருந்த கட்டடம் இல்லை. சாலையில் மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. பாபு இப்போது அம்பத்தூரில் ஒரு மையத்துக்குப் போகிறான். வாரம் மூன்று நாள்.