பால்வாடி டீச்சர் வீட்டுப் பிள்ளை

எங்கள் பால்வாடிப் பதிவேட்டில் பதினேழு பெயர். பாயில் உட்கார்வது மூன்றுதான். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் சத்துமாவு பாக்கெட் கொடுக்கும் நாளில் மட்டும் தலைகாட்டுவார்கள். இராஜபாளையத்தில் தறிகள் கடகடக்கும் தெரு அது. ஆயா ஓய்வுபெற்றபின் வேறு ஆள் போடவில்லை. நானே கிண்டி, நானே ஊட்டி, நானே கைதட்டிப் பாடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், வீட்டுக்காரர் ராணுவத்தில். சில நாள் பெரியவர்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்ந்துவிடும்.

மேற்பார்வைக்கு வந்த மேடம், “அஞ்சு பிள்ளையாவது தெனமும் வரலேன்னா, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற மையத்தோட சேத்துருவாங்க” என்றார். எனக்கென்ன, அங்கே போய் உட்காருவேன். இந்த மூன்று பிள்ளைகளின் அம்மாக்களும் மில் ஷிப்ட்டுக்கு ஓடுகிறவர்கள். அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட நேரம் ஏது? பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீட்டுத் தறிக்குக் கீழேதான் கிடக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீடு வீடாக ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணியைக் கூலிக்குச் சுருட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், “இது கவர்மெண்டு நமக்குச் செய்ய வேண்டிய கடமைக்கா. நாமளே போகலேன்னா மூடத்தான் செய்வாங்க” என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

அக்கா தலை நிமிராமல் கேட்டார். “அம்புட்டு நல்லதுன்னா ஒங்க பிள்ளைய எதுக்கு டீச்சர் வேன்ல ஏத்தி விடுதீக?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. மூன்றரை வயது மகளை இங்கிலீஷ் நர்சரிக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் பால்வாடியைத் திறக்கிறேன். என் பாட்டும் கதையும் ஊரார் பிள்ளைக்குப் போதும், என் பிள்ளைக்குப் போதாது என்றுதானே நினைத்திருக்கிறேன்?

மகளை இனி என் பால்வாடியிலேயே உட்கார வைக்கப்போகிறேன் என்று அன்று போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சோத்துக்குப் போற எடத்துக்கு எம்மக போக வேணாம்” என்றார்.

“அந்தச் சோத்தைத்தான் நான் பத்து வருசமா ஆக்கிப் போடுதேன்” என்றேன். போனை வைத்துவிட்டார். நாலு நாளாகக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு மகளைப் பாயில் உட்கார வைத்தேன். பெயர் கூப்பிட்டபோது மற்ற மூன்றும் “உள்ளேன் டீச்சர்” என்றன. என் மகள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, “பிரசன்ட் மிஸ்” என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

சாயங்காலம் பேண்டேஜ் அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “நாளைக்கி எம்மகனக் கொண்டாரட்டுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு அம்மாவாக வந்து மற்ற மூவரையும் கூட்டிப் போனார்கள். பாயில் மகள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

“மிஸ், என்னையக் கூப்புட யாரு வருவா?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். செத்த நேரம் நின்று கண்ணைத் துடைத்தேன். திரும்பி வந்து வாசலில் நின்று, “வா தாயி, அம்மா வந்துட்டேன்” என்றேன்.