ஒரே பந்தி என்றவர்

செவ்வாய்க்கிழமை காலை கண்டிச் சந்தையில் வாழைக்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் சொன்னார், செல்லத்துரை மாஸ்டர் போய்விட்டாராம் என்று. அம்பிட்டிய ஏற்றத்தில் குடையை ஊன்றி நின்றவர் ஓரமாக உட்கார்ந்தாராம், பிறகு எழும்பவில்லையாம். நான் கடைக்காரரோடு வாதாடினேன். நேற்றுப் பின்னேரம் என் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போனவர், அது வேறு யாராவது இருக்கும் என்றேன். அவர் வாழைக்காயை என் பையில் போட்டுவிட்டுக் காசு வேண்டாம் என்றார். அப்போதுதான் நம்பினேன்.

அவரும் நானும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். ஆனால் ஊர் அவரை அறிந்தது விருந்துகளால். பெரிய விருந்து எதுவானாலும் அழைப்பிதழோடு வீடு வீடாகப் போவார். "என்ன வேணும் எண்டு கேளாதையுங்கோ. என்ன வேண்டாம் எண்டு கேளுங்கோ" என்பார். நண்பகலுக்குப் பின் உண்ணாத பௌத்த விரதத்தில் இருந்த சிங்கள ஆசிரியர் ஒருவருக்கு முற்பகலிலேயே தனியாக இலை போட்டு, சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்தார். மரக்கறிச் சமையல் ஒரு கோடியில், முஸ்லிம் சமையற்காரரின் இறைச்சிச் சமையல் மறு கோடியில். ஒருமுறை இறைச்சிக் கரண்டி பருப்பு அண்டாவுக்குள் போய்விட்டது. அண்டாவை அப்படியே மறு கோடிக்கு அனுப்பிவிட்டு, புதிதாகப் பருப்பு போடச் சொன்னார். ஒருவரும் காணவில்லையே என்றேன். "நான் கண்டனான்" என்றார்.

இவ்வளவு பார்க்கிறவர் என் விஷயத்தில் செய்ததை நான் மறக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக இப்போதும் மறைக்கப்போவதில்லை.

என் மனைவி முத்தம்மா கலஹாத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டுப் பெண். அவளை மணந்த நாளிலிருந்து என் யாழ்ப்பாணத்து உறவினர் என்னோடு ஒரு பந்தியில் இருப்பதில்லை. எங்கள் வாசிகசாலைத் திறப்பு விழா விருந்துக்கு, நீதிமன்றத்தில் பிறக்கிராசியாக வழக்காடும் என் அத்தான் மாஸ்டரிடம் ஒரு நிபந்தனை வைத்தார். நானும் முத்தம்மாவும் இருக்கும் பந்தியில் தங்கள் ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்று. ஊர்ப் பிரமுகர் பாதிப்பேர் அத்தானின் ஆட்கள்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கதிரை நுனியில் இருந்துகொண்டு, "நீங்கள் ரெண்டு பேரும் ரெண்டாம் பந்தியில இருங்கோ" என்றார். உப்பு வேண்டாம், புளி வேண்டாம், உள்ளி வேண்டாம் என்றவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தவர் இதற்கும் இடம் கொடுத்துவிட்டார். நாங்கள் வரமாட்டோம் என்று வாசலைக் காட்டினேன். அவர் போன பிறகு முத்தம்மாதான் சொன்னாள்: "போகாட்டி அவங்க சொன்னத நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருங்க."

போனோம். அது நோன்பு மாதம். வெயில் இருக்கும்போதே அத்தானும் ஆட்களும் முதற்பந்திக்கு முந்திக்கொண்டு இருந்து, சாப்பிட்டு, எழும்பினார்கள். அவர்கள் கை கழுவிக்கொண்டு நிற்கையில் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்டது. அப்போதுதான் வாசிகசாலைக்குக் காணி கொடுத்தவரும் அன்றைய தலைவருமான ஹாஜியார் நோன்பு திறக்க வந்து அமர்ந்தார். அவருக்கு இடப்புறம் மாஸ்டர். வலப்புறம் என்னை இருத்தினார்கள். பெண்கள் பக்கம் மாஸ்டரின் மனைவி முத்தம்மாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். ஹாஜியார் என் இலையைப் பார்த்துவிட்டு, "இவர் மரக்கறிக்காரர். இறைச்சிய அங்கால கொண்டு போங்க மகன்" என்று பரிமாறியவரிடம் சொன்னார். மாலை மரியாதையும் பேச்சும் அந்தப் பந்திக்குத்தான் நடந்தன. அத்தான் ஈரக் கையோடு வாசலில் நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

ஊர் அதை மாஸ்டரின் சாமர்த்தியம் என்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நோன்பு வராத மாதமாக இருந்திருந்தால் எங்களை எங்கே இருத்தியிருப்பார் என்ற கேள்வி எனக்குள் முள்ளாகவே கிடந்தது. வருடக்கணக்காக அவரோடு வேலைக்கதை மட்டுமே கதைத்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் அவராகவே வந்தார். திறப்பு விழாவுக்குப் பிறகு முதன்முறையாக வாசிகசாலையில் விருந்தோடு ஆண்டு விழா வருகிறது; இம்முறை அது நோன்பு மாதத்தில் இல்லை. நான் கேட்குமுன் அவரே சொன்னார்: "இந்த முறை ஒரே பந்திதான். வாய்க்கு ஒவ்வாததை எல்லாம் விலக்கித் தருவன். பக்கத்தில இருக்கிற ஆளை விலக்கித் தரமாட்டன். வராதவை வீட்டில சாப்பிடட்டும்." நான் "பாப்பம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மறுநாள் காலை அவர் இல்லை. இதை எழுதும்போதும் படலை திறக்கும் சத்தம் கேட்டால் தலை திரும்புகிறது.

பிரேதம் இன்னும் வீட்டில் கிடக்கையிலேயே அத்தான் விழாக் குழுவினரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "மாஸ்டர் காட்டின வழிப்படியே இம்முறையும் ரெண்டு பந்தி வைப்பம். அதுதான் அவருக்குச் செய்யிற மரியாதை." செத்தவரின் வாயில் வாய்க்கரிசியை அல்ல, தன் சொல்லைத் திணிக்கிறார் அந்த மனிதர்.

ஆகையால் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். இரண்டு பந்தி அவர் வழி அல்ல. அது அவர் விட்டுக்கொடுத்த ஒரு நாள். அவருடைய கடைசிச் சொல் ஒரே பந்தி. அதைக் கேட்டது நானும், உள்ளே தேநீர்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த முத்தம்மாவும் மட்டுமே. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான். அழைப்பிதழோடு இம்முறை நாங்கள் இருவரும் வருவோம். உங்களுக்கு என்ன வேண்டாம் என்று கேட்போம். யார் வேண்டாம் என்று கேட்கமாட்டோம்.