பழிவாங்க வாங்கிய கேமரா

அந்தப் படத்தை நான் எடுத்தது கிள்ளானில், எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து. புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எதிர்த் திடலின் ஓரத்தில் நிற்கும் பழைய மரத்தில் ஆண் இருவாச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. இங்கே எல்லாரும் எங்காங் என்று சொல்லும் அதே பறவைதான். மரத்தின் பொந்துக்குள்ளே பெண் பறவை முட்டைகளோடு தன்னை அடைத்துக்கொண்டிருந்தது. அடைப்பில் விட்டிருந்த சின்ன இடுக்கு வழியாக ஆண் ஒரு பழத்தை நீட்ட, உள்ளிருந்து அவளுடைய அலகு நுனி அதை வாங்கிக்கொண்டது. கையைத் துடைக்காமலே கேமராவை எடுத்து, ஜன்னல் கிரில் கம்பிகளுக்கு நடுவே நீட்டி எடுத்தேன். கேமராவில் புளி ஒட்டிக்கொண்டது. படம் அப்படி ஒரு படம்.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு சூப்பர்ஸூம். கைப்பைக்குள் அடங்கிவிடும், லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது, ஆனால் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வந்து காட்டும். பல் கிளினிக்கில் தாதியாக வேலை பார்க்கும் எனக்கு, வாரத்தில் ஒரு நாள் பறவை பார்க்க அது போதுமாக இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் எங்கள் புகைப்படக் கழகம் கூடும். அதன் தலைவர் வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாப் பெண்களையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விலை அதிகமான ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா தொங்கும். அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். கண்காட்சிக்குப் படம் கேட்டார். வீட்டு லேப்டாப் பழுதாகிக் கிடந்ததால் மெமரி கார்டையே கொடுத்தேன். அடுத்த வாரம் திருப்பித் தந்தார். கேமராவில் போட்டுப் பார்த்தால் கார்டு வெறுமையாக இருந்தது.

"ரொம்ப நெறஞ்சு போயிருந்துச்சு தங்கச்சி. நானே அழிச்சு இடம் பண்ணி வெச்சிருக்கேன். வேணுங்கிறத காப்பி பண்ணிட்டேன்லா" என்றார்.

நானும் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கண்காட்சி அன்று வாசலுக்கு நேரே, மற்ற எல்லாப் படங்களையும்விடப் பெரிதாக, என் இருவாச்சி தொங்கியது. கீழே தலைவரின் பெயர். முதலில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்து அவரிடமே போனேன்.

"அண்ணே, இது நான் எடுத்த படம். பேரு மாறிப் போச்சு."

சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த கேமராவின் மேல் ஒரு விரலை வைத்துத் தட்டினார்.

"இதுலயா? தங்கச்சி, இது ட்ரிப் போறப்ப பிள்ளைங்கள எடுக்கிற கேமரா. இறகு ஒவ்வொண்ணும் தெரியுது பாரு. இந்தச் சின்ன சாமானால முடியுமா? நீயே யோசிச்சுப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. நியாயமாக யோசித்துத்தான் சிரித்தார்கள். என்னிடம் காட்ட எதுவும் கிடையாது. கேமராவின் முதுகுத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்திருந்த ஒரே ஆள் என் கணவர்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பையை நாற்காலியை நோக்கி வீசினேன். குறி தப்பித் தரையில் விழுந்தது. கேமராவின் லென்ஸ் பாதி நீட்டிய நிலையிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு உள்ளே போகவே இல்லை.

என் கணவர் துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் வேலையில் இருப்பவர். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவன் வெச்சிருக்கிற மாதிரியே ஒண்ணு வாங்கு. அதவிடப் பெருசா வாங்கு. அவன் பக்கத்துலயே போய் நில்லு."

எனக்கும் அதுதான் ஆசை. கோலாலம்பூரில் ஒரு கேமராக் கடைக்குப் போனோம். பெரிய கேமராவைத் தூக்கிப் பார்த்தபோது என் தோளை நான் அடிக்கடி பிடித்துக்கொள்வதைக் கடைக்காரச் சீனப் பெண் பார்த்துவிட்டு, "ஆன்டி, ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. பிறகு முடிவு பண்ணுங்க" என்று மலாயில் சொல்லி, ஒரு ஃபுல் ஃபிரேமையும் நீண்ட லென்ஸையும் கொடுத்தாள்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அது அற்புதமான கேமரா. மாலையில் சமையலறைக் குழல் விளக்கின் கீழ் என் கணவர் வெங்காயம் உரிப்பதை எடுத்தேன். அவர் கன்னத்து நரை மயிர் ஒவ்வொன்றும் மென்மையாக, பின்னால் இருந்த அடுப்பெல்லாம் கரைந்துபோய், யாரோ பெரிய மனிதரைப் போலத் தெரிந்தார். "இது நானா?" என்று கேட்டு இரண்டு தடவை பார்த்தார். பத்துமலையில் குகைக்குள், வெளிச்சமே இல்லாத மூலையில், அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஒரு பெண்ணை எடுத்தேன். என் பழைய கேமராவில் அது வெறும் புள்ளிக் குப்பையாகத்தான் வந்திருக்கும். பெரிய கேமராவின் சென்சார் அந்த இருட்டைக் கறுப்புப் பட்டாக ஆக்கிக் கொடுத்தது.

கனம்தான் தாங்கவில்லை. கிரில் கம்பிகளுக்கு நடுவே லென்ஸ் நுழைந்தது, ஆனால் பக்கவாட்டில் திருப்ப முடியவில்லை. அதுகூடப் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்குவது என்று முடிவு செய்துதான் கடைக்குத் திரும்பினேன்.

பில் போடுவதற்காகக் காத்திருந்தபோது மேசை மேல் புதிதாக வந்த சூப்பர்ஸூம் ஒன்று இருந்தது. சும்மா கையில் எடுத்துக் கடை வாசலுக்குப் போனேன். சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு கட்டடத்தின் உச்சியில் புறா ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் கண் திரை முழுக்க வரும்வரை இழுத்தேன். பிறகு ஸூம் விசையை மறுபக்கம் தள்ளினேன். கண்ணிலிருந்து புறா, புறாவிலிருந்து கூரை, கூரையிலிருந்து கட்டடம், சாலை, கடைசியில் நான் நின்ற கடை வாசலின் நிலைச்சட்டம் வரைக்கும் எல்லாம் விரிந்துகொண்டே வந்தன. நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. லென்ஸை மாற்றவும் இல்லை.

அங்கேயே நின்றேன். தலைவரை எப்படி அடிப்பது என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய கேமராவில் நான் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும், "பாத்தியா தங்கச்சி, கேமரா வந்ததும் படம் வந்துடுச்சு" என்பார். எந்தச் சின்ன சாமானைக் காட்டி அவர் என்னை அழித்தாரோ, அதனாலேயே அவரை அடிக்க வேண்டும்.

"இதைக் கொடும்மா" என்றேன்.

என் கணவர் பதறிப்போனார். "ஏய், ஒரு வாரமா அதக் கட்டிக்கிட்டுத் தூங்காத குறை. இப்ப என்ன?"

"அது எனக்கு வேணும். இது அவனுக்கு வேணும்" என்றேன். அவர் உடனே பணப்பையை எடுத்துவிட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

இருவாச்சிகள் பெரும்பாலும் பழைய பொந்துக்கே திரும்பி வரும். அடுத்த வருடத் தொடக்கம்வரை காத்திருந்தேன். அதற்குள் கழகத்தைவிட்டு நான் விலகவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனேன், எல்லாருக்கும் தேநீர் ஊற்றினேன், தலைவருக்குச் சர்க்கரை குறைவாகப் போட்டுக் கொடுத்தேன். என் படம் அவர் பெயரோடு கழக அறையின் சுவரில் நிரந்தரமாக மாட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அதன் எதிரில்தான் உட்காருவேன். கோபம் ஆறிவிடக் கூடாது என்று பயமாக இருந்தது.

அப்படி உட்கார்ந்து பார்த்ததில்தான் ஒன்றைக் கண்டேன். பொந்துக்குப் பக்கத்தில், பட்டையோடு ஒட்டிப் பச்சையாக ஒரு கீற்று. படத்தின் ஓரங்களையெல்லாம் வெட்டியிருந்தார்; பறவையின் அலகுக்கு மிக அருகில் இருந்ததால் அதை மட்டும் அவரால் வெட்ட முடியவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு கொடி. எனக்கு அது என்னவென்று தெரியும். டியூஷன் சென்டர்க்காரர்கள் மரத்தில் பேனர் கட்ட ஆணி அடித்து மாட்டிய ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிறு. பேனர் கிழிந்து போய்ப் பல நாளாகியும் கயிறு மட்டும் மிஞ்சியிருந்தது.

பறவைகள் வந்தன. பெண் உள்ளே போய் அடைத்துக்கொண்டது. ஜன்னலிலிருந்து ஓர் அடி தள்ளி முக்காலியில் கேமராவை வைத்து, வேலைக்குப் போகாத ஒவ்வொரு காலையும் நின்றேன். வேண்டியது கிடைத்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கப் போகவில்லை.

கழகத்தின் வருடாந்திரக் கூட்டம் அதே மாடியில் நடந்தது. முதலில் தலைவர் பறவைப் படங்கள் பற்றிப் பேசுவார், பிறகு உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் தங்கள் படங்களைத் திரையில் காட்டலாம். அவர் என் இருவாச்சியைத் திரை முழுக்கப் போட்டுக்கொண்டு பேசினார். ஃபிரேசர் மலைக் காட்டுக்குள் விடியும் முன்பே போனாராம். அட்டை கடித்ததாம். மூச்சு விடாமல் காத்திருந்தாராம். பேச்சு முடிந்ததும் கையைத் தூக்கினேன்.

"அண்ணே, ஒரு கேள்வி. பொந்துக்குப் பக்கத்துல பச்சையா இருக்கே, அது என்ன?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது ஒரு காட்டுக் கொடி, தங்கச்சி. உள்காட்டுலதான் இருக்கும். ரொம்ப ரேர்."

"பேரு தெரியுமாண்ணே?"

"பேரு இப்ப வாயில வரல. வீட்டுல புத்தகம் இருக்கு."

சிலர் அதைக் குறித்துக்கொண்டார்கள். நான் நன்றி சொல்லி உட்கார்ந்தேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

என் முறை வந்தபோது ஒரே ஒரு வீடியோவைப் போட்டேன். திரை முழுக்க அதே பொந்து, அதே அலகு, உள்ளிருந்து பழத்தை வாங்கும் அந்த நுனி. பக்கத்தில் பச்சைக் கொடி. பிறகு படம் மெல்ல விரிந்தது. கொடி ஒரு துருப்பிடித்த ஆணியிலிருந்து தொங்கியது. அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பேனர் துண்டில் 'டியூஷன்' என்று பாதி எழுத்து. மரம் முழுதாகத் தெரிந்தது, பிறகு திடல், பந்து உதைக்கும் பிள்ளைகள், பக்கத்து பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடியில் காயும் கைலிகள். கடைசியாக என் ஜன்னலின் கிரில், அதன் திட்டில் சம்பால் போத்தல், ஓரத்தில் மைலோ குடித்துக்கொண்டிருக்கும் என் கணவரின் பனியன் போட்ட தோள்.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண், "ரேர் கொடி" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், மாடியே சிரித்தது.

தலைவர் எழுந்தார். "அதே மாதிரி மரம் எங்க வேணும்னாலும் இருக்கும்லா..."

"அதே கொடியுமாண்ணே?" என்றேன். "இது பிள்ளைங்கள எடுக்கிற கேமரா. அதான் பிள்ளைங்களும் வந்துட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருக்கவில்லை. பயந்த கிழவரின் முகம். இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவர் அப்படியே நிற்க வேண்டும் என்று விரும்பினேன். சாப்பாடு வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். அடுத்த மாதம் உடல்நிலையைக் காரணம் சொல்லிப் பதவியிலிருந்து விலகினார்.

செயலாளர் என்னிடம் வந்து, சுவரில் உள்ள படத்துக்கு என் பெயரைப் போட்டுப் புதிய அட்டை அச்சடிப்பதாகச் சொன்னார்.

"புது அட்டை வேணாம். இதே அட்டையில அவர் பேர ஒரு கோடு போட்டு அடிங்க. அடிச்சது தெரியணும். அதுக்குக் கீழ என் பேர எழுதுங்க."

"அக்கா, அது நல்லா இருக்காதே."

"நல்லா இருக்கக் கூடாதுன்னுதான் கேக்குறேன்."

செய்தார்கள். கழகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து என்னவென்று கேட்பார்கள். நான் இருந்தால் நானே சொல்லுவேன், ஃபிரேசர் மலையில் அவரை அட்டை கடித்ததையும் விடாமல். ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வாசலில் பழைய தலைவரின் மனைவி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அன்று மட்டும் வாங்கிய மல்லிகையைத் தலையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இதெல்லாம் முடிந்து சில மாதங்களில் கிள்ளானில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஆசையோடு சின்ன கேமராவைக் கொண்டுபோனேன். மண்டபத்தில் விளக்குகளை மங்கலாக வைத்து, மேடைக்கு மட்டும் ஊதா வெளிச்சம் அடித்திருந்தார்கள். நான் எடுத்த அத்தனை படமும் புள்ளி புள்ளியாக, யார் முகமும் தெளியாமல் வந்தது. எனக்குத் தெரியும், அந்த வாடகைக் கேமரா இருந்திருந்தால் அந்த ஊதா வெளிச்சத்தில் அவள் கண்ணீரைக்கூட எடுத்திருப்பேன்.

பழைய தலைவரும் அங்கே இருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூரத்துச் சொந்தமாம். அதே ஃபுல் ஃபிரேம் கழுத்தில். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டோம்.

தேனிலவு முடிந்து வந்த அண்ணன் மகளின் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். கூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. தாலி கட்டும் நேரத்தில் அவள் தன் அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறாள். பார்த்ததும் உட்காராமல் அதன் முன்னாலேயே நின்றுவிட்டேன்.

"அத்தை, அந்த அங்கிள் எடுத்தது. சூப்பரா இல்ல?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா" என்றேன். நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் அவள் சாப்பாடு எடுத்து வைக்க உள்ளே போனதும், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் கிட்டே போய், அந்தக் கோணத்தில் அன்று வேறு யாராவது கேமராவோடு நின்றார்களா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் நிற்கவில்லை. என் கணவர் சோபாவிலிருந்து கேட்டார், "என்ன, அவனோடதுதானா?"

"அவனோடதுதான்" என்றேன், வாய் கசந்தது.