வைலம் குமாஸ்தா

குடிநீர் அலுவலகக் குமாஸ்தாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்திருந்தது. மற்றபடி அவர் 'வைலம்'. பழைய பேப்பர் கடையில் முன்பாதி கிழிந்த ஆங்கில அகராதி ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து அவரது புலமை 'எம்' எழுத்தில் தொடங்கி 'இசட்'டில் முடிந்தது. அதில் டபிள்யூ வரிசையில் கண்டெடுத்த ரத்தினம்தான் வைலம் (whilom). 'முன்னாள்', 'முன்பு' என்று பொருள். ஆங்கிலேயர்களே எப்போதோ தலைமுழுகிவிட்ட சொல். இவர் விடுவாரா? மாற்றிய குழாய் வைலம் குழாய், இடித்த தொட்டி வைலம் தொட்டி. ஓய்வுபெற்ற பொறியாளருக்கு வாசித்த பாராட்டு மடலில் 'வைலம் பொறியாளர்' என்று எழுத, அவர் அதை ஏதோ பட்டம் என்று நம்பிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்.

மனைவி நர்ஸ். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஆஸ்பத்திரியில் வேலை. மாதம் இருமுறை வீட்டுக்கு வருவாள். பள்ளிக்கூடம் போகும் மகள் அப்பாவின் சமையலில் துரும்பாய் இளைத்துக்கொண்டிருந்தாள். மனைவிக்கு மாற்றல் கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதும் பொறுப்பைக் குமாஸ்தா ஏற்றார். 'வைலம் இவ்வூர் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தவர்' என்று தொடங்கிய மனு, எட்டு மாதமாகக் கிணற்றில் போட்ட கல்.

பொறுக்கமாட்டாமல் மனைவியே சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த டைப்பிஸ்ட் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அதுல ஒரு வார்த்தை இருக்கு. இங்க யாருக்கும் அர்த்தம் தெரியல. கேட்டா மானம் போயிடும்னு ஆளாளுக்கு 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிட்டாங்க. இப்ப சுத்தி முதல் மேசைக்கே வந்திருக்கு."

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் பைகூட இறக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு நான் வேணுமா, வைலம் வேணுமா?"

"அவங்க படிக்காததுக்கு நான் என்ன பண்ண?"

"ரொம்ப சரி. நான் சொல்றத மட்டும் டைப் அடிங்க. ஒரு வார்த்தை கூடினாலும் நான் அங்கயே இருந்துக்கறேன். நீங்க அகராதியோட குடும்பம் நடத்துங்க."

அவள் சொன்னது நாலே வரி. 'முன்பு' வரவேண்டிய இடத்தில் அவர் விரல் டபிள்யூ மேல் போய் நின்றது. பின்னால் நின்றவள் தொண்டையைக் கனைத்தாள். விரல் வேறு எழுத்துக்கு நகர்ந்தது. உறையை ஒட்டியதும் தபாலில் போட்டதும் அவளே.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது.

"பாத்தியா? எல்லாம் என் முதல் மனு போட்ட அஸ்திவாரம்!" என்றார் குமாஸ்தா.

"ஆமாமா. எட்டு மாசம் காய வெச்ச அஸ்திவாரம்," என்றபடி அவள் மகளின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.